மூட்டை வேண்டாம்; தவறாமல் பணம் அனுப்புங்கள்

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்தவன். சூடானின் தலைநகர் கார்ட்டூமை ஒட்டிய ஓம்துர்மான் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். 2023 ஏப்ரலில் போர் வெடித்ததும் இந்திய அரசின் ‘ஆபரேஷன் காவேரி’ மீட்புப் பணி மூலம் போர்ட் சூடானிலிருந்து கப்பலில் ஜெட்டா வந்து, ஊர் திரும்பினேன். என்னோடு வேலை செய்த சூடானிய சிஸ்டரின் குடும்பம் முதலில் வாத் மதனிக்கு ஓடியது. அங்கும் சண்டை வந்து, இப்போது நாட்டின் கிழக்கே கெதாரிஃபில் இருக்கிறது. கொஞ்ச நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டு, இப்போது தூரத்து உறவினர் வீட்டு முற்றத்தில் இருக்கிறார்களாம். சிஸ்டர், சர்க்கரை நோயாளியான அவருடைய அம்மா, கணவனை இழந்த தங்கை, தங்கையின் மூன்று பிள்ளைகள். கடைசிக் குழந்தைக்கு எட்டு மாதம். நண்பர்கள் சேர்ந்து துணி, போர்வை, பால் பவுடர், மாத்திரைகள் திரட்டியிருக்கிறோம். 1,20,000 ரூபாயும் சேர்ந்திருக்கிறது. பொருட்களை கன்டெய்னரில் அனுப்பலாமா? பணமாக அனுப்பினால் ஆயுதக் குழுக்களின் கைக்குத்தான் போகும் என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா? கொடுத்தவர்களுக்குக் காட்டப் புகைப்படம் கேட்கலாமா? ராணுவம் கார்ட்டூமைத் திரும்பப் பிடித்துவிட்டதே, அவர்கள் ஓம்துர்மானுக்கே போய்விடுவது நல்லதில்லையா?

பதில்: நண்பருக்கு வணக்கம். நீங்கள் உயிர் தப்பி வந்த பிறகும் அந்தக் குடும்பத்தின் தடத்தை விடாமல் வைத்திருக்கிறீர்கள். நிவாரணப் பணியில், அதிலும் ஊட்டச்சத்துப் பிரிவில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தொடர்பு உங்கள் கையில் இருக்கும் பணத்தைவிடப் பெரியது. என்ன தேவை என்று அவர்களையே நேரடியாகக் கேட்க முடிவது எங்கள் தொழிலில் எளிதில் கிடைக்காத வாய்ப்பு. எனவே எதை அனுப்புவதற்கு முன்பும் சிஸ்டரிடம் கேளுங்கள். அவர் கூச்சப்பட்டு ‘ஒன்றும் வேண்டாம்’ என்றுதான் சொல்வார். ‘வீட்டு வாடகையா, மருந்தா, சாப்பாடா, எது முதலில்?’ என்று கேட்டால் பதில் வரும்.

பொருட்களை அனுப்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வலையும் படகும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்களுக்கு யாரோ உடுத்திக் கழித்த சட்டை தேவைப்படவில்லை. அதை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிப் போனது. அப்போது சாலை இருந்தது, அரசு இருந்தது, சண்டை இல்லை. போர்ட் சூடான் துறைமுகமோ நாடு முழுவதற்கும் வரும் சரக்கைச் சுமக்கிறது. 2025 மே மாதம் அந்த நகரத்தின் மீதே ட்ரோன் தாக்குதல்கள் நடந்தன. உங்கள் கன்டெய்னர் அங்கே போய்ச் சேர்ந்தாலும், சுங்கத்தில் எடுக்க ஆள் வேண்டும், நாள் கடந்தால் வாடகை கட்ட வேண்டும், லாரி பிடிக்க வேண்டும், வழியில் சோதனைச் சாவடிகளில் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்து சேர்க்கிற போர்வையை கெதாரிஃப் சந்தையிலேயே அதைவிட மலிவாக வாங்கலாம். அந்த ஊர் சூடானின் சோளக் களஞ்சியம். எள்ளும் விளைகிற பூமி. அங்கே கடையில் தானியம் இருக்கிறது. ஓடி வந்தவர்களின் கையில் காசு இல்லை. நீங்கள் பணம் அனுப்பினால் அந்தக் குடும்பமும் சாப்பிடும், உள்ளூர் வியாபாரியும் விவசாயியும் தொழிலைத் தொடர்வார்கள்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு சூடானில் டார்ஃபுரின் எல் ஃபாஷர் நகரம் 2024 மே முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முற்றுகையில் கிடந்து, 2025 அக்டோபர் 26 அன்று ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவப் படையிடம் விழுந்தது. ஊரைச் சுற்றி மண் அரண் எழுப்பித் தானியம் நுழைய விடாமல் தடுத்தார்கள். மக்கள் ‘அம்பாஸ்’ தின்றார்கள். கடலையில் எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சுகிற பிண்ணாக்கு அது. நம் ஊரில் மாட்டுக்கு வைப்பது. அப்படிப்பட்ட இடத்தில் பணம் மட்டும் அனுப்பி எந்தப் பயனும் இல்லை. வழி திறக்க வேண்டும், அதற்கு அரசுகள் நெருக்குதல் கொடுக்க வேண்டும். கெதாரிஃபின் நிலை வேறு. அங்கே பணத்துக்குப் பொருள் கிடைக்கும்.

நீங்கள் திரட்டிய மாத்திரைகளைத் தயவுசெய்து அனுப்பவே வேண்டாம். போஸ்னியப் போர்க்காலத்தில், 1992 முதல் 1996 வரை, அங்கே வந்து குவிந்த நன்கொடை மருந்துகளில் பாதிக்கும் மேல் பயன்படாதவை. சுமார் 17,000 டன்னை அழிக்க வேண்டியதாயிற்று. இதற்குப் பிறகுதான் 1996இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்தது. டாக்டரிடம் வாங்கிய சாம்பிள் மாத்திரையோ, வீட்டில் மிச்சமான அட்டையோ அனுப்பக் கூடாது. போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். லேபில் வேலை பார்த்த உங்களுக்கு இதன் நியாயம் புரியும்.

அடுத்தது பால் பவுடர். இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன், மன்னியுங்கள். நல்ல மனதோடு கொடுக்கப்பட்டு அதிகத் தீங்கு செய்யும் பொருள் இதுதான். சூடானில் 2024 ஆகஸ்டில் காலரா பரவலை அரசு அறிவித்தது. அடுத்த ஓராண்டில் சுமார் ஒரு லட்சம் பேருக்கு நோய் கண்டது. மின்நிலையத்தின் மீது ட்ரோன் விழுகிறது, தண்ணீர் பம்புகள் நிற்கின்றன, ஜனங்கள் நைல் ஆற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் கோஸ்தி நகரில் இப்படித்தான் பரவியது. அந்தத் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, கழுவ முடியாத புட்டியில் ஊற்றி, விறகுக்கே வழியில்லாத வீட்டில் கொதிக்க வைக்காமல் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? வயிற்றுப்போக்கு. அது போதும், எட்டு மாதக் குழந்தை இரண்டே நாளில் துவண்டுவிடும். இன்னொரு தீங்கும் உண்டு. பவுடர் வந்ததும் தாய்ப்பால் குடிப்பது குறையும். குறையக் குறையச் சுரப்பதும் குறையும். டப்பா தீர்ந்த பின் குழந்தைக்கு இரண்டுமே இல்லை. கடைகளில் விற்கும் சாதாரணப் பால் பவுடர் கைக்குழந்தைக்கு உணவே ஆகாது என்பது தனி விஷயம்.

‘பயத்தில் பால் வற்றிவிட்டது’ என்று தாய்மார்கள் சொல்வதை முகாமுக்கு முகாம் கேட்கிறேன். பெரும்பாலும் வற்றுவதில்லை. அதிர்ச்சியில் பால் இறங்கத் தாமதமாகிறது, குழந்தை அழுகிறது, தாய் நம்பிக்கை இழக்கிறாள். அவளுக்கு ஒரு மறைவான மூலை, வயிறு நிறையச் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்ல அனுபவமுள்ள ஒரு பெண், இவை கிடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தத் தங்கைக்கு உங்கள் பணம் செய்யக்கூடிய முதல் உதவி அவள் வயிற்றுக்குச் சோறு போடுவது. தாய்ப்பாலோடு சேர்த்து எட்டு மாதக் குழந்தைக்குச் சோளக் கஞ்சியில் கடலை விழுதும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து, நன்றாகக் கொதிக்க வைத்து ஊட்டச் சொல்லுங்கள். மூன்றுமே கெதாரிஃப் கடைகளில் கிடைக்கும். தாயே இல்லாத குழந்தை, உண்மையிலேயே பால் கொடுக்க முடியாத தாய் என்ற நிலை வந்தால் மாற்றுப்பால் தேவைதான். அதை அங்குள்ள சுகாதாரப் பணியாளர் பார்த்துத் தர வேண்டும். புட்டியில் தராமல், நம் வீடுகளில் பாலாடையில் புகட்டுவோமே, அப்படிச் சின்னக் கிண்ணத்தில் புகட்ட வேண்டும்.

சிஸ்டர் செவிலியர் என்பதால் இன்னொன்றையும் அவரிடம் நினைவுபடுத்துங்கள். பிள்ளைகளின் மேல்கைச் சுற்றளவை அளக்கும் மூவண்ண நாடா அங்குள்ள சுகாதார மையங்களில் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் பச்சையில் நின்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால், அதாவது 12.5 செ.மீ.க்குக் கீழ் போனால், கவனிக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழ் சிவப்பு. அன்றைக்கே மருத்துவ மையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே தருவது 92 கிராம் பொட்டலம். கடலை விழுது, பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம், அடுப்பு வேண்டாம்; மூலையைக் கிழித்தால் குழந்தை நேரே உறிஞ்சிச் சாப்பிடும். எலும்பும் தோலுமாக வந்த பிள்ளை சில வாரங்களில் தவழ்ந்து வம்பு செய்வதை இந்தப் பொட்டலத்தால் பார்த்திருக்கிறேன். நிறுவனங்களுக்குத் தனியாக நன்கொடை கொடுக்க விரும்பும் உங்கள் நண்பர்கள் யுனிசெஃப்புக்குக் கொடுக்கலாம். சூடானில் இந்தப் பொட்டலங்களின் பெரும்பகுதி அவர்கள் வழியாகத்தான் போகிறது.

இனி ஆயுதக் குழு பற்றிய சந்தேகம். அது வெறும் வதந்தி என்று தள்ளிவிட மாட்டேன். 2023 டிசம்பரில் வாத் மதனி ஆர்.எஸ்.எஃப். வசம் விழுந்தபோது, 15 லட்சம் பேருக்கு ஒரு மாதம் போதுமான உணவு இருந்த உலக உணவுத் திட்டத்தின் கிடங்கைக் கொள்ளையடித்தார்கள். ஆனால் கொள்ளை போனது ஒரே இடத்தில் குவித்து வைத்த பொருள். ஒரு குடும்பத்துக்கோ, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு தெருவில் நடத்தும் சமையல் கூடத்துக்கோ அவ்வப்போது வந்து, அன்றன்றே பருப்பாகவும் சோளமாகவும் மாறிவிடுகிற சிறு தொகையைக் கொள்ளையடிப்பது அவ்வளவு எளிதில்லை. கழிவே போகாது என்று சொல்லவில்லை. செல்போனில் வந்த பணத்தை ரொக்கமாக மாற்றித் தருகிற தரகர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். முற்றுகை இறுகும் ஊர்களில் அந்தப் பங்கு வயிறெரியும் அளவுக்குக் கூடும். அதற்காகக் கொடுக்காமல் இருந்தால் முழுத் தொகையும் மிச்சமாகும், அடுப்பு எரியாது.

இந்தச் சமையல் கூடங்களைப் பற்றி நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். சூடானில் ‘தக்காயா’ என்பார்கள். சூஃபி மடங்களில் வழிப்போக்கருக்குச் சோறு போட்ட வழக்கத்தின் தொடர்ச்சி. போர் தொடங்கியதும் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் ‘அவசரகால அறை’ என்ற பெயரில் கூடினார்கள். பலர் 2018-19 மக்கள் எழுச்சியில் ஈடுபட்ட தெருக் கமிட்டிகளிலிருந்து வந்தவர்கள். பெரிய நிறுவனங்களின் வெளிநாட்டு ஊழியர்கள் வெளியேறிய நாட்களில் காயம்பட்டவரைத் தூக்கியதும், குடிநீர்க் குழாயைச் சரிசெய்ததும், கஞ்சி காய்ச்சியதும் இவர்கள்தான். ஒரு பெரிய அலுமினியப் பானை, விறகு, பருப்பு, அல்லது சோளமாவில் கிண்டிய ‘அசீதா’. காலையிலேயே பிள்ளைகள் வாளியும் சட்டியும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். 2025இல் ரைட் லைவ்லிஹுட் விருதும் நார்வேயின் ராஃப்டோ பரிசும் இந்த அறைகளுக்குக் கிடைத்தன.

விருது கிடைத்த அதே ஆண்டுதான் அவர்களுக்கு மிகக் கடினமான ஆண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியவுடன் நாடெங்கும் 1,100க்கும் மேற்பட்ட சமையல் கூடங்கள் மூடப்பட்டன. இருந்தவற்றில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு. அந்த ஆண்டுக்கு ஐ.நா. கேட்ட நிவாரண நிதியில் பாதிகூடச் சேரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுக்கத் தொலைத்தொடர்பு அறுந்தபோது, பணம் வரும் வழி அடைபட்டே பல கூடங்கள் நின்றன. தானியம் பக்கத்துக் கடையில் இருந்தது. செல்போன் செயலி வேலை செய்யாததால் வாங்க முடியவில்லை. ஒருமுறை பெருந்தொகை வந்து பிறகு நின்றுபோவதால் வரும் ஏமாற்றத்தை வரிசையில் நிற்கும் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். எனவே உங்கள் 1,20,000 ரூபாயை ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். முதல் தவணையாக 20,000 அனுப்புங்கள். இன்சுலின், பாக்கி, பாத்திரம் என்று உடனடித் தேவைகள் இருக்கும். மீதியைப் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000 வரும். வங்கிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் கழியும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பினாலும் தவறில்லை. தேதி மட்டும் தவறக் கூடாது. ‘இன்ன தேதியில் வரும்’ என்று தெரிந்தால் சிஸ்டர் கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கலாம்.

அதில் ஒரு பங்கை, எவ்வளவு என்பதை அவரே தீர்மானிக்கட்டும், இடம் கொடுத்த உறவினர் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சூடானில் வீடிழந்தவர்களில் பெரும்பாலோர் கூடாரத்தில் இல்லை. உறவினர், தெரிந்தவர், தெரியாதவர் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஐந்து பேருக்குச் சமைத்த வீடு பதினொரு பேருக்குச் சமைக்கிறது, ஆண்டுக்கணக்கில். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். எந்த நிவாரணப் பட்டியலிலும் பெரும்பாலும் அவர்கள் பெயர் இருக்காது. முற்றத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பணம் வந்து, வீட்டுக்காரர் கைச்செலவுக்குத் திணறினால், எவ்வளவு நல்ல உறவும் கசந்துபோகும்.

அனுப்பும் வழியில் கவனமாக இருங்கள். இந்தியாவிலிருந்து தனிநபர் வெளிநாட்டில் உள்ளவருக்கு அன்பளிப்பாகப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சூடான் என்ற பெயரைக் கேட்டாலே பல வங்கிகள் பின்வாங்கும். நீண்ட காலம் பொருளாதாரத் தடையில் இருந்த நாடு, இரு தரப்புப் படைத் தலைவர்கள் மீதும் 2025 ஜனவரியில் அமெரிக்கா தடை விதித்தது. முதலில் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். சிஸ்டருக்குச் சவூதியிலோ எகிப்திலோ நெருங்கிய சொந்தம் இருந்தால், அவருடைய வங்கிக் கணக்குக்கு, நோக்கத்தை ஒளிக்காமல் எழுதி அனுப்ப முடியுமா என்றும் அங்கேயே கேளுங்கள். அங்கிருந்து ‘பேங்கக்’ என்ற கார்ட்டூம் வங்கிச் செயலி மூலம் கெதாரிஃபுக்குப் போவது சூடானியர் அன்றாடம் செய்வதுதான். ஹவாலா வழியாக யாராவது ‘நாளைக்கே சேர்த்துவிடுகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டப்படி குற்றம், அதோடு, அந்தப் பணம்தான் உண்மையில் யார் யார் கை மாறுகிறது என்று தெரியாத பணம். சமையல் கூடங்களுக்கென்று தனியே கொடுக்க நினைப்பவர்களுக்கு, அவசரகால அறைகளுக்கு நிதி திரட்டும் மியூச்சுவல் எய்ட் சூடான் கோயலிஷன் என்ற கூட்டமைப்பு இருக்கிறது. வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு இங்கே வருமான வரிச் சலுகை கிடையாது. நண்பர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

புகைப்பட விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் நண்பர்களின் ஆசை இயல்பானதுதான். கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று அறிய விரும்புவதில் தவறில்லை. ஆனால் இந்தப் போரில் இரு தரப்புமே தன்னார்வலர்களைப் பிடித்து அடைத்திருக்கிறார்கள். ஒரு ஊர் கைமாறியதும், முன்பு ஆண்டவர்களின் கீழ் கஞ்சி காய்ச்சியவரையே ‘எதிரிக்கு உதவியவர்’ என்று குற்றம் சாட்டியிருக்கிறார்கள். உயிர் போனவர்களும் உண்டு. திருச்சியில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் அந்தக் குழுவோடு நிற்காது. முகம், பெயர், தெரு, பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். பருப்பு மூட்டையின் படம், கடை ரசீது, பணம் வந்ததற்கான ஒரு வரிக் குறுஞ்செய்தி போதும். ஒரு பக்கக் கணக்கை நீங்களே எழுதி நண்பர்களுக்குக் கொடுங்கள். பிள்ளைகள் தட்டை ஏந்தி நிற்கும் படம் இருந்தால்தான் கொடுப்பேன் என்கிறவரின் பணத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த சிஸ்டர் உங்கள் சக ஊழியர். ஒரே டியூட்டி அறையில் டீ குடித்தவர். அதே மரியாதை இப்போதும் அவருக்கு உண்டு.

ஓம்துர்மானுக்குத் திரும்புவது பற்றிக் கேட்டீர்கள். 2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமை மீட்டபின் லட்சக்கணக்கானோர் திரும்பியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மின்சாரமும் குடிநீரும் தடுமாறும் ஊர், தெருக்களில் வெடிக்காத குண்டுகள் கிடக்கும் ஊர், அதே ஆண்டு மே மாதத்தில் காலரா பொங்கிய ஊர். உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. வழிகாட்டுக் கோட்பாடுகள் 1998இல் வந்தன. அவற்றை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்ற பிரான்சிஸ் டெங், சூடானின் அப்யே வட்டாரத்தில் பிறந்தவர். திரும்புவது அவர்களாக விரும்பி, பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் நடக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இரண்டு முறை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிய குடும்பத்துக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் யோசனை சொல்லாதீர்கள். ‘போனாலும் இருந்தாலும் பணம் அதே தேதியில் வரும்’ என்று மட்டும் சொல்லுங்கள். உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவர்கள் எந்தப் பக்கமும் முடிவெடுக்கக் கூடாது.

கடைசியாக அம்மாவின் இன்சுலின். முதல் தவணையில் இதற்குத்தான் முன்னுரிமை. இங்கிருந்து அனுப்பினால் வழியில் வெப்பத்தில் கெட்டுவிடும். கெதாரிஃபில் கிடைக்கும் வகையையே வாங்கச் சொல்லுங்கள். திறந்த குப்பியை மிதமான வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் பயன்படுத்தலாம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும், குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரமும் நிச்சயமில்லை. ஒரு பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, மணலை எப்போதும் ஈரமாக வைத்து, குப்பியை நீர் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைக்கலாம். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் இருந்தால் வெளியைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். தண்ணீருக்கு மண்பானை வைக்காத வீடு சூடானில் அரிது, எனவே பானைக்குச் சிரமமில்லை. சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாத நாளில் வழக்கமான அளவை அப்படியே போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். இதை சிஸ்டர் அறிவார், இருந்தாலும் அவர் வெளியே போகும் நாளில் வீட்டில் யார் ஊசி போடுகிறார்கள் என்று கேளுங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் அங்கே கிடைக்கிறதா, என்ன விலை என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து மாதத் தொகையை எப்படிப் பிரிப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.